ஆயிரம் விளையாட்டுப் பெட்டி நம் பள்ளிக்கு வேண்டாம்!



சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எனக்கு வழங்கப்பட்ட நேரம் ஐந்து மணித்துளிகள். அவற்றுள் மூன்று, ஒலிவாங்கியைச் சரிசெய்வதில் கழிந்தன. எஞ்சிய இரண்டில் நான் பேசியது எவருக்கும் விளங்கவில்லை என்பதைத் தேநீர் வேளையிலேயே உணர்ந்துகொண்டேன். "சார் அந்தப் பெட்டிய வேணுங்கிறாரா, வேணாங்கிறாரா?" என்று ஓர் அம்மையார் அருகிலிருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்மீது பிழையில்லை. அன்று சொல்ல இயலாததை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கூட்டத்திற்கு வராதவர்களுக்காக முதலில் செய்தி. கடைவீடுகளைப் புதுப்பிக்கும் தொழில் செய்யும் தந்தை ஒருவர், பல்லாண்டுகளாகப் பூட்டிக்கிடந்த கடையொன்றைத் திறந்தபோது, உள்ளே காசு போட்டு ஆடும் பழைய வீடியோ விளையாட்டு இயந்திரம் ஒன்று நிற்பதைக் கண்டார். கடைக்காரர், "எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்று கூறிவிட்டார். நம் அன்பரோ அதைக் குப்பைமேட்டிற்கு அனுப்ப மனமின்றி, லாரியில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆளுயரப் பெட்டி. முன்புறம் இருவர் நின்று ஆடுவதற்கான கைப்பிடிகள், பொத்தான்கள், கீழே காசு போடும் கதவு. நான்கு பேர் சேர்ந்து தூக்கித்தான் நூலகத்தை அடுத்த பொருளறைக்குள் வைத்தோம்.

அன்று தொடங்கி ஆறு சனிக்கிழமைகள் கணினிக் கழக மாணவர்கள் பன்னிருவர் அதனோடு உழைத்திருக்கிறார்கள். இப்போது சங்கத்தின் மேசையில் இரண்டு கருத்துகள் உள்ளன. "சூதாட்டப் பெட்டியைப் பள்ளிக்குள் வைப்பதா? பழைய இரும்புக்குப் போடுங்கள்" என்பது ஒன்று. "மாணவர்கள் போட்ட கம்பியெல்லாம் வேண்டாம். மூவாயிரம் விளையாட்டு அடங்கிய பலகை கடையில் கிடைக்கிறது. குத்தகையாளர் ஒரே நாளில் பழையதை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துவார். சிற்றுண்டிச்சாலை நாளில் ஆட்டத்துக்கு ஒரு ரிங்கிட் வாங்கினால் போட்ட பணம் திரும்பிவிடும்" என்பது மற்றொன்று. பெரும்பான்மையினர் இரண்டாம் கருத்தின் பக்கம் சாய்வது எனக்குத் தெரிகிறது. நான் இரண்டையும் எதிர்க்கிறேன். இரண்டாவதைக் கூடுதலாகவே எதிர்க்கிறேன்.

முதற்கருத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அதைச் சொன்னவர்கள் கற்பனையில் பேசவில்லை. 1991இல் எனக்கு வயது பதினொன்று. சுங்கைப் பட்டாணியில் பேருந்து நிலையத்திற்கு அருகில் இப்படியொரு கடை இருந்தது. அவ்வாண்டுதான் ‘ஸ்திரீட் ஃபைட்டர் 2’ வெளிவந்தது. சிற்றுண்டிக்குக் கொடுத்த காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு தோட்டத்துப் பையன்கள் நாங்கள் அங்கே போய் நிற்போம். அந்த விளையாட்டில் ‘தால்சிம்’ என்றொரு இந்தியர் வருவார். கழுத்தில் மண்டையோட்டு மாலை, நீளும் கைகால், வாயில் நெருப்பு. நம்மவர் என்று பெருமைப்படுவதா, இப்படிக் காட்டிவிட்டார்களே என்று வெட்கப்படுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவரைத்தான் தேர்ந்தெடுப்போம். அதே கடையின் பின்புறம் திரைச்சீலை ஒன்று தொங்கும். அதற்கப்பால் இருந்தவை வேறு வகை இயந்திரங்கள். அவற்றின் முன் அமர்ந்திருந்தவர்கள் சிறுவர் அல்லர், சம்பளப் பணத்தோடு வந்த பெரியவர்கள். என் உறவினர் ஒருவரும் அந்தச் சீலைக்குப் பின்னால் போனவர்தாம். அந்தக் குடும்பம் பட்டபாட்டை நான் அறிவேன்.

ஆகவே, "அந்தப் பெட்டியைக் கண்டாலே எனக்கு வயிறு எரியுது சார்" என்று கூட்டத்தில் ஒரு பாட்டியார் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால், பாட்டி, முன்புறம் நின்றதும் பின்புறம் நின்றதும் ஒன்றல்ல. ஒன்று, காசை வாங்கிக்கொண்டு ஆடவிடும். ஆட்டம் முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடும். மற்றொன்று, காசைத் திருப்பித் தருவதாக ஆசை காட்டும். நம் பொருளறையில் நிற்பது முதல் வகை. அதிலும் காசுக் கதவை மாணவர்கள் கழற்றிப் பார்த்துவிட்டார்கள். உள்ளே இருந்தது ஒரு மெல்லிய கம்பியும் ஒரு சிறு விசையும்தான். காசு விழும்போது கம்பி அமுங்கும், விசை ஒருகணம் மூடும், இயந்திரம் ‘ஒன்று’ என்று எண்ணிக்கொள்ளும். அவ்வளவே! விரலால் தட்டினாலும் அது காசு விழுந்ததாகவே எண்ணும். இதைக் கண்ட மாணவி ஒருத்தி, "அப்போ காசே தேவையில்லையா சார்?" என்று கேட்டாள். பெட்டியின் மீதிருந்த மருள் அந்த நொடியோடு அவளை விட்டுப் போயிற்று. காசுக்கதவை நிரந்தரமாக அடைத்துவிட எனக்கு முழுச் சம்மதம். ஒரு ரிங்கிட் வாங்கும் திட்டத்தையும் அதோடு சேர்த்து அடைத்துவிட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

இனி, மூவாயிரம் விளையாட்டுப் பலகைக்கு வருவோம்.

அதை விற்பவர் என்ன விற்கிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பழைய இயந்திரம் ஒவ்வொன்றும் ஒரு விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட மின்சுற்றுப் பலகையைக் கொண்டிருந்தது. 1985இல் சப்பானிய உற்பத்தியாளர்கள் ‘ஜாமா’ என்ற பெயரில் ஒரு பொது இணைப்பு முறையை வகுத்தார்கள். பக்கத்துக்கு இருபத்தெட்டு வீதம் ஐம்பத்தாறு முனைகள். எந்த முனையில் மின்சாரம், எதில் படம், எதில் முதல் ஆட்டக்காரரின் இடப்பக்க அசைவு என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டுவிட்டன. அதன்பின் கடைக்காரர் பெட்டியை மாற்றத் தேவையில்லை. பலகையைக் கழற்றி வேறொரு பலகையைச் செருகினால் போதும். நம் பெட்டியும் அந்த வகைதான். கடைகளில் விற்கும் பலவிளையாட்டுப் பலகை அதே இணைப்பியில் செருகப்படுவது. அதனுள் இருப்பது ஒரு மலிவான சிறு கணினி. அதில் ஓடுவது ‘எமுலேட்டர்’ எனப்படும் போலச்செய்யும் மென்பொருள். அதனோடு ஒரு நினைவட்டை நிறையப் பழைய விளையாட்டுகள். மூவாயிரம் என்ற எண்ணிக்கையை நம்பிவிடாதீர்கள். ஒரே விளையாட்டின் சப்பானியப் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, திருட்டுப் பதிப்பு என்று தனித்தனியே எண்ணிப் பட்டியலை நீட்டியிருப்பார்கள்.

அந்த மென்பொருள் யாருடையது? ‘மேம்’ என்ற பெயர்பெற்ற எமுலேட்டரை 1997 பிப்ரவரியில் வெளியிட்டவர் நிக்கோலா சல்மோரியா என்னும் இத்தாலியர். பின்னர் உலகெங்கிலுமிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் ஏன் மெனக்கெட்டார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கேப்காம் நிறுவனம் 1993இல் கொண்டுவந்த பலகை ஒன்றில், விளையாட்டைத் திறக்கும் மறைகுறி ஒரு சிறு மின்கலத்தின் தயவில் நினைவகத்தில் நிற்கும். மின்கலம் தீர்ந்தால் மறைகுறி அழியும்; பலகை இறந்துவிடும். கடைகளில் பலகைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. தன்னார்வலர்கள் அந்தப் பூட்டின் வழிமுறையை 2007இல் முழுமையாகக் கண்டறிந்தார்கள். விளையாடுவது இரண்டாம்பட்சம், அழியும் இயந்திரங்கள் எப்படி இயங்கின என்பதை ஆவணப்படுத்துவதே முதல் நோக்கம் என்பது அவர்களின் கொள்கை. நெடுங்காலம் அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடைசெய்திருந்தது. 2016இல்தான் அது திறந்த மூல மென்பொருளாயிற்று. ஓலைச்சுவடியைத் தேடியலைந்து படியெடுத்த பெரியோரை நாம் போற்றுகிறோமே, ஏறத்தாழ அத்தகைய உழைப்பு இது.

மென்பொருள் இன்று அனைவர்க்கும் பொதுவாகலாம். விளையாட்டுகள் அப்படியல்ல! அவற்றை ஆக்கிய நிறுவனங்கள் பல இன்றும் தொழில் நடத்துகின்றன; தம் பழைய விளையாட்டுகளைத் தொகுத்து உரிமத்தோடு விற்கின்றன. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வகையிலேயே வைத்துக் காக்கிறது. மூவாயிரம் விளையாட்டுக்கும் உரிமம் வாங்கிய ஒருவர் அதைச் சில நூறு ரிங்கிட்டுக்கு விற்க முடியுமா? எண்ணிப் பாருங்கள். தன்னார்வலர்களின் பல்லாண்டு உழைப்பையும், படைத்தவர்களின் பொருளையும் ஒருசேர அள்ளி ஒரு நினைவட்டையில் திணித்து விற்கிறார் ஒருவர். அதைப் பள்ளி வாங்கி, அதன்மேல் ஒரு ரிங்கிட் வசூலிக்கப் போகிறதாம்! அடுத்த வகுப்பில் அதே பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்விப் பாடநூலைத் திறந்து ‘நேர்மை’ என்ற அலகை நான் நடத்த வேண்டுமாம்!

"எல்லாரும்தான் சார் செய்றாங்க. இதெல்லாம் பழசு, யாரு கேட்கப் போறா?" என்றார் செயலவை உறுப்பினர் ஒருவர். இந்த வாக்கியத்தை நான் இதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன். கேட்டது ஆசிரியர் அறையில். பேசியவர்களுள் நானும் ஒருவன்.

ஆசிரியர்களே, இங்கே நம் கதவையும் நாம் தட்டத்தான் வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து, அதாவது இன்று ஆசிரியர் கல்விக் கழகம் என்று அழைக்கப்படும் இடத்திலிருந்து, வெளிவந்த முதலாண்டில் தமிழ்ப் பயிற்சி நூல் ஒன்றை வாங்கினேன். ஒரே ஒரு நூல். அதை வகுப்பு முழுமைக்கும் நகலெடுத்துக் கொடுத்தேன். எழுதியவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்; தம் சேமிப்பில் அச்சிட்டுத் தாமே பள்ளி பள்ளியாகச் சுமந்து விற்றவர். மறுமுறை அவர் எங்கள் பள்ளிக்கு வந்தபோது, நகலெடுத்த தாள்கள் என் மேசைமேல் இருந்தன. பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நான் இத்தனை ஆண்டுகள் இதை நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

பின்னொரு காலத்தில் என் முறை வந்தது. மூன்றாண்டு விடுமுறைகளைச் செலவிட்டு நான் தயாரித்த பயிற்சிச் சிப்பம் ஒன்று, வேறொரு பள்ளியின் பெயரைத் தாங்கி, என் பெயர் நீக்கப்பட்டு, எனக்கே புலனத்தில் வந்து சேர்ந்தது. எழுத்துப்பிழைகூட மாறவில்லை! அதைத் திருத்தாமல் விட்டிருந்தார்களே என்றுதான் முதலில் கோபம் வந்தது. தமிழில் எழுதி விற்கும் சிறு கூட்டத்தின் வயிற்றில் அடிப்பது இந்த ‘யாரு கேட்கப் போறா’தான். சப்பானியப் பெருநிறுவனத்திற்கு நம் பள்ளியின் ஒரு பெட்டியால் இழப்பு ஏதுமில்லை, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அந்த நிறுவனத்தைப் பற்றிய கவலையும் இல்லை. பெட்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கப்போகும் பிள்ளையைப் பற்றிய கவலைதான். பள்ளியே செய்து காட்டியதை அவன் தவறென்று எப்படி நினைப்பான்?

சட்டத்தை விட்டுவிட்டாலும், கல்விக்கணக்கு ஒன்று இருக்கிறது. இதில்தான் எனக்குச் சினம் மிகுதி.

பெட்டியின் பின்கதவைத் திறந்த முதல் நாளில் நான் மாணவர்களை ஒன்றையும் தொடவிடவில்லை. பழைய படக்குழாய் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இயங்குவது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். எனவே தொலைக்காட்சி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரை அழைத்து, மின்னேற்றத்தை இறக்கிக் குழாயைக் கழற்றச் செய்தேன். "நல்ல குழாய் சார், இப்பல்லாம் இது கெடைக்காது" என்று அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியேறினார். கழற்றியதில் எனக்கு முழு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து விளையாட்டின் படம் குழாயின் ஒளிக்கோடுகளுக்கென்றே வரையப்பட்டது. புதிய திரையில் அது கட்டம் கட்டமாகத் தெரியும். ஆனால் பன்னிரு பிள்ளைகளின் கைகள் நுழையும் பெட்டியில் அதை வைத்திருக்க எனக்குத் துணிவில்லை. மின்வழங்கியையும் அவரே பார்த்தார். அதன்மேல் 100 வோல்ட் என்று எழுதியிருந்தது. சப்பானில் அதுதான் வழக்கம். கடைக்காரர் இடையில் ஒரு மின்மாற்றி வைத்திருந்தார். அது எப்போதோ காணாமற்போயிருந்தது. சுவரில் நேராகச் செருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பெரியவர் கையை விரித்துக் காட்டினார். அந்த மின்வழங்கியும் அன்றே வெளியேறியது. எஞ்சியவை எல்லாம் குறைந்த மின்னழுத்தக் கம்பிகள்.

அவற்றைத்தான் குத்தகையாளர் வெட்டி எறியப் போகிறார். அந்தக் கம்பிக்கற்றையில் என்ன இருந்தது தெரியுமா?

ஐம்பத்தாறு முனைகளின் படத்தை வெண்பலகையில் வரைந்து, கம்பிக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பெயர் என்று மாணவர்கள் பட்டியல் எடுத்தார்கள். ஒரு கை இணைப்பியில், மறு கை பொத்தானில். இடையே தொடர்ச்சி இருந்தால் சோதனைக்கருவி ‘பீப்’ என்று ஒலிக்கும். முதல் ஆட்டக்காரரின் பொத்தான்கள் எல்லாம் ஒலித்தன. இரண்டாமவரின் பக்கத்தில் கைப்பிடி ஒலித்தது, பொத்தான்கள் ஒன்றுகூட ஒலிக்கவில்லை. "மூணுமே கெட்டுப்போச்சு சார், புதுசு வாங்கணும்" என்றார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். வாசிப்பில் மிகவும் பின்தங்கிய ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் படுத்திருந்தான். வெகுநேரம் கழித்து, "சார், எல்லாத்துக்கும் கறுப்புக் கம்பி ஒண்ணுதான். அது இங்க அறுந்திருக்கு" என்றான். உண்மைதான். விசைகள் யாவற்றுக்கும் பொதுவான தரைக்கம்பி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிச் செல்லும். நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பால் உள்ளவை அனைத்தும் ஊமையாகிவிடும். பொத்தான்கள் மூன்றும் நலமாகவே இருந்தன. அவன் பற்றவைத்த இடம் சற்றுக் கரடுமுரடாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பற்றவைப்பையும் சேர்த்துத்தான் வெட்டப் போகிறோம், பெற்றோர்களே.

வெட்டாமல் செய்ய வழி இருக்கிறது, நாங்கள் செய்தும்விட்டோம். ஜாமா இணைப்பியில் அப்படியே செருகிக்கொள்ளும் இடைப்பலகை ஒன்று கிடைக்கிறது. அது கைப்பிடியின் அசைவையும் பொத்தானின் அழுத்தத்தையும் விசைப்பலகைத் தட்டல்களாக மாற்றிக் கணினிக்குச் சொல்லும். கணினி என் வீட்டுப் பழையது. (பள்ளிக் கணினி அறையில் ஒதுக்கிவைத்ததை எடுக்கலாமே என்று கேட்பீர்கள். அது அரசாங்கச் சொத்து ஐயா. அதற்கான பாரங்களை நிரப்பி முடிப்பதற்குள் இந்த ஆறாம் ஆண்டு மாணவர்கள் படிவம் மூன்றுக்குப் போய்விடுவார்கள்.) திரை, ஒரு பெற்றோர் அலுவலகத்திலிருந்து கழித்துக் கொடுத்த பழைய சதுரத் திரை. நாளை எவரேனும் இப்பெட்டிக்குரிய மூலப் பலகையைக் கொண்டுவந்தால், இடைப்பலகையை உருவிவிட்டு அதைச் செருகலாம். ஒரு கம்பியும் அறுபடவில்லை, மரத்தில் ஒரு துளையும் புதிதாக இடவில்லை.

அதில் என்ன ஓடுகிறது என்பது உங்களின் அடுத்த கேள்வி. மிகக் குறைவு! உரிமையாளர்களே வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இசைவளித்த சில பழைய விளையாட்டுகளை ‘மேம்’ குழுவினர் தம் தளத்திலேயே வைத்திருக்கிறார்கள். அவற்றுள் ‘ராபி ரோட்டோ’, ‘கிரிட்லி’ என்னும் இரண்டை எடுத்தோம். முன்னது 1981ஆம் ஆண்டினது. பின்னது 1983இல் செய்யப்பட்டு, முறையாகக் கடைக்கு வராமலே போனது. நேர்மையாகச் சொல்கிறேன், மாணவர்களுக்கு இரண்டும் ஐந்து நிமிடத்தில் அலுத்துவிட்டன. "சார், இது ரொம்ப கஷ்டம்" என்று விலகிப்போனார்கள். மூவாயிரம் விளையாட்டுக் கட்சியினர் இதை எனக்கெதிராகப் பயன்படுத்தலாம்.

ஆனால் எமுலேட்டர் எதற்கு என்பதை விளக்க எனக்கு அவை உதவின. ஒரு கணினி மற்றொரு கணினியாக நடிக்கிறது. நடிப்பில் குறைகளையும் சேர்த்தே நடிக்க வேண்டும் என்று சொல்லி, ‘பேக்-மேன்’ கதையைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். 1980இல் வந்த அவ்விளையாட்டு, எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை ஒரே ஒரு பைட்டில் எழுதிவைக்கும். ஒரு பைட்டுக்குள் அடங்கும் மிகப்பெரிய எண் 255. அதற்குமேல் ஒன்று கூட்டினால் சுழியத்திற்குத் திரும்பிவிடும். எனவே 256ஆம் கட்டத்தை எட்டியவருக்கு, திரையின் வலப்பாதி முழுதும் எழுத்தும் குப்பையுமாகச் சிதறித் தெரியும். ஆட்டத்தை முடிக்கவே இயலாது. நல்ல எமுலேட்டர் அந்தப் பிழையையும் அப்படியே காட்டும். "ஏன் சார் அதத் திருத்தல?" என்று கேட்டார்கள். திருத்தினால் அது பேக்-மேன் ஆகாதே என்றேன். அன்று ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போய் 256ஐ அவர்களே எட்டினார்கள். பெருக்கல் வாய்பாட்டுக்கு எட்டடி தள்ளி நிற்கும் பிள்ளைகள் ஐயா இவர்கள்!

மூன்றாவது விளையாட்டு மாணவர்களே செய்தது. ஸ்கிராட்ச் நிரலாக்கம் நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. அதில் ஒரு மாணவியும் இரு மாணவர்களும் சேர்ந்து ஒன்றை அமைத்தார்கள். மேலிருந்து ஒரு சொல் விழும். நடுவில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். கைப்பிடியை இடப்பக்கம் சாய்த்தால் ‘ல’, மேலே தள்ளினால் ‘ள’, வலப்பக்கம் சாய்த்தால் ‘ழ’. ‘பள்ளி’யை ‘பல்லி’ ஆக்கினால் ஒரு பல்லி ஓடிவந்து மதிப்பெண்ணைத் தின்னும். பல்லியை வரைந்தவன் பெட்டிக்குள் படுத்துக் கம்பி தேடிய அதே பையன். அலுப்பூட்டிய இரண்டையும் விட்டுவிட்டு, வரிசை இதற்குத்தான் நின்றது. இருவர் ஆடும்போது யார் முந்துவது என்று கூச்சல். லகர ளகர ழகர வேறுபாட்டுக்கு நான் நடத்திய பாடங்கள் எதிலும் அப்படியொரு கூச்சல் எழுந்ததில்லை. ஒரு சொல்லைத் தவறாகவும் வைத்துவிட்டார்கள். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கண்டுபிடித்துச் சொன்னாள். திருத்த நிரலைத் திறந்தோம். கடைப்பலகையில் எதைத் திறப்பீர்கள்?

நேரமில்லை என்று சொல்வோர்க்கு: யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இலேயே நீக்கப்பட்டுவிட்டது. முன்பு எதைக் கேட்டாலும் அந்தத் தேர்வைக் காட்டினோம். இப்போது எதைக் காட்டப் போகிறோம்? பணத்தைப் பற்றிக் கேட்போர்க்கு: இடைப்பலகை, புதிய பொத்தான்கள் நான்கு, கம்பி, பற்றாசு, தொலைக்காட்சிப் பெரியவருக்குக் கொடுத்த கூலி (வாங்க மறுத்தார், பையில் திணித்தேன்) எல்லாம் சேர்த்தாலும் குத்தகையாளர் கேட்ட தொகையில் பாதிக்கும் குறைவு. அதையும் கழகப் பணத்திலிருந்து எடுக்கவில்லை.

இன்னொரு குரலும் ஆசிரியர் அறையில் கேட்டது. கடைப்பலகையைப் பொருத்தி, மேலே வண்ண ஒட்டிகளை ஒட்டி, வட்டாரப் புத்தாக்கப் போட்டிக்கு அனுப்பினால் பதக்கம் உறுதி என்றது அது. புத்தாக்கம் என்ற சொல்லை நாம் எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டோம் பாருங்கள்! விலைக்கு வாங்கியது, பிறர் செய்தது, பிள்ளைகளின் கை படாதது. ஆனால் விளக்க அட்டையை மட்டும் பிள்ளைகள் மனனம் செய்து ஒப்பிக்க வேண்டும். இப்படிப் பெற்ற பதக்கங்கள் நம் பள்ளிகளின் கண்ணாடிப் பேழைகளில் எத்தனை இருக்கின்றன என்பதை ஆசிரியர்களாகிய நாமே அறிவோம். பெற்றோர் முன்னிலையில் நான் எண்ணப்போவதில்லை.

சங்கத் தலைவர் ஐயா அவர்களே, தாங்கள் நிதிக்காகத்தான் இதை விரும்புகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஒழுகும் ஐந்தாம் ஆண்டு வகுப்பின் கூரைக்கு இந்தப் பணத்தை எண்ணியிருக்கிறீர்கள். அந்த வகுப்பில் வாளி வைத்துப் பாடம் நடத்துபவன் நான்தான். சிற்றுண்டிச்சாலை நாளில் கணினிக் கழகத்துக்கு ஒரு கடை கொடுங்கள். முறுக்கோ, கடலையோ, தேநீரோ நாங்கள் விற்றுத் தருகிறோம். பெட்டி கடைக்குப் பக்கத்தில் காசில்லாமல் நிற்கட்டும். வரிசையில் நிற்பவர்களுக்குப் பசிக்காமலா போகும்?

அடுத்த செயலவைக் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. கூட்டத்தை மண்டபத்தில் நடத்தாமல் பொருளறையில் நடத்துமாறு தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன், இசைவு தந்துவிட்டார். பெட்டியின் பின்கதவு திறந்திருக்கும். பன்னிரு மாணவர்களும் இருப்பார்கள். குத்தகையாளரையும் அழைத்து வாருங்கள். எந்தக் கம்பியை முதலில் வெட்டப் போகிறார் என்பதை அந்தக் கறுப்புக் கம்பிப் பையனிடம் அவரே சொல்லட்டும்.